வட்டத்துக்கு முன்னால் ஒரு வரி

அவையில் ஒருவர் பேச எழுந்தால் எங்கள் நோட்டில் ஒரு செங்குத்துக் கோடு விழும். அவர் உட்கார்ந்தால் ஒரு சிறு வட்டம். கோட்டுக்கும் வட்டத்துக்கும் நடுவே சொல்லப்படுவது மட்டும்தான் அவைக்குறிப்பு. அது அச்சாகும், அட்டை போட்டு நூலகத்தில் நிற்கும். உட்கார்ந்தபடி முனகியது, மேசையைத் தட்டியது, பக்கத்து நாற்காலியிடம் சொல்லிச் சிரித்தது எல்லாம் காற்றோடு போகும். பத்தொன்பது வருடமாக இந்தக் கோட்டையும் வட்டத்தையும் போட்டுத்தான் பிழைத்திருக்கிறேன். என் தம்பியின் வேலை ஒருநாள் அப்படியொரு வட்டத்தில் வந்து தொங்கும் என்று நினைத்ததில்லை.

சுருக்கெழுத்தாளர்களின் மேசை அவையின் நட்ட நடுவில், கொஞ்சம் பள்ளத்தில் இருக்கிறது. அமைச்சர்களின் முதல் வரிசை இரண்டு கை தூரம். யார் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறார் என்பதுகூட எங்களுக்குத் தெரியும். ஒருவருக்குப் பத்து நிமிடம். முடியும் நேரத்தில் அடுத்தவர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவார். எழுதிக்கொண்டிருப்பவர் அவர் பக்கம் குனிந்து, பேச்சாளர் கடைசியாகச் சொன்ன நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்து போவார். அந்த நாலு வார்த்தையிலிருந்து வந்தவர் பிடித்துக்கொள்வார். எங்கள் பிரிவில் இதற்குக் காதில் போடுவது என்று பெயர்.

எனக்கு அடுத்த முறை ஸ்கேல் சாருடையது. அவர் காதில் நான் எதையும் போட்டு ஆறு வருடம் ஆகிறது.

ஸ்கேல் சார் என்பது நாங்கள் வைத்த பெயர். நோட்டில் ஒரு வரியை அடிப்பதென்றால்கூட ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோடு போடுகிற மனிதர். ஆறு வருடத்துக்கு முன்னால் ஓர் உறுப்பினரின் பேச்சில் ஒரு முழு வாக்கியத்தை நான் விட்டுவிட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் அவை. கை ஓடிக்கொண்டிருந்தது, காது அங்கே இல்லை. ஸ்கேல் சாரைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் நேராகப் பிரிவுத் தலைவியிடம் போய்ச் சொன்னார். என்னை மூன்று மாதம் படியெடுக்கும் பிரிவில் போட்டார்கள். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் ஒரே வாரத்தில் மன்னித்திருப்பேன். உண்மை என்பதால் முடியவில்லை.

அதன் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்தினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. காதில் போடுவதும் நின்றது. அதற்கு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். என் முறை முடிய ஒரு நிமிடம் இருக்கும்போதே வந்து உட்கார்ந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எழுத ஆரம்பித்துவிடுவார். பிறகு என் தட்டச்சுப் பிரதி எங்கே முடிகிறது என்று பார்த்து, தன் நோட்டில் அதுவரைக்குமான வரிகளை ஸ்கேல் வைத்து அடித்துவிடுவார். ஆறு வருடமாக என் கடைசி நிமிடத்தில் பக்கத்தில் அந்தப் பென்சில் ஓடுகிறது. உன்னை நான் நம்பவில்லை என்று அது சொல்வதாகத்தான் எனக்குக் கேட்கும்.

என் தம்பி குடிநீர் வாரியத்தின் நீரேற்று நிலையத்தில் ஆபரேட்டர். சின்ன வயதிலிருந்தே வாய் அதிகம், அதனால் வீட்டில் அவனுக்கு லவுட் ஸ்பீக்கர் என்று பெயர். நாலு மாதத்துக்கு முன்னால் அங்கே குளோரின் கலக்கும் இயந்திரம் நின்றுபோனது. வடிகட்டும் தொட்டியின் சுவரில் பாசி ஏறியது. மேலதிகாரிக்கு மூன்று கடிதம் எழுதினான். மூன்றுக்கும் பதில் இல்லை. நாற்பதாவது நாள் அந்த இயந்திரத்தின் மேல் படிந்திருந்த தூசியில் விரலால் தேதியை எழுதி, தொட்டியையும் சேர்த்து ஐம்பது விநாடி படம் பிடித்து, எல்லோரும் ஆட்டமும் பூனையும் போடுகிற அந்த வெளிநாட்டுச் செயலியில் போட்டுவிட்டான். பதினோரு லட்சம் பேர் பார்த்தார்கள். ஒன்பதாம் நாள் அரசாங்கம் அந்தச் செயலிக்குத் தடை போட்டது.

தடை வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அது தனக்காகத்தான் என்றான்.

“உனக்காக ஒரு ஆப்பையே மூடுவாங்களா? போய்க் கண்ணாடியில மூஞ்சியப் பாரு,” என்றேன்.

“பாத்துட்டுத்தான் வர்றேன். இந்த மூஞ்சிக்குப் பதினோரு லட்சம் பேரு. அக்கா, உனக்கு யாரு இருக்கா? பக்கத்து சீட்டுக்காரர்கூடப் பேசறதில்ல.”

அவனைத் திட்டினேன். ஆனால் ராத்திரி படுத்த பிறகும் அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. தடைக்கு அரசாங்கம் சொன்ன காரணங்கள் மூன்று: நாட்டின் பாதுகாப்பு, மக்களின் தகவல், பிள்ளைகளின் எதிர்காலம். மூன்றையும் அவையில் என் கையாலேயே எழுதியிருந்தேன். எதுவும் பொய் இல்லை. அந்தக் கம்பெனி நம் தகவல்களை அள்ளிக்கொண்டு போனது நிஜம். எதிர்வீட்டுப் பிள்ளை சாப்பிடும்போதுகூட நிமிர்வதில்லை என்பதும் நிஜம். ஆனால் அதே போலத் தகவலை அள்ளுகிற இன்னும் இரண்டு வெளிநாட்டுச் செயலிகள் திறந்தே கிடந்தன. அமைச்சர்களின் காலை வணக்கம் அவற்றில்தான் தினமும் வந்தது. அப்படியானால் இதை மட்டும் ஏன் மூடினார்கள்? நிஜமான மூன்று காரணங்களை வரிசையாக நிறுத்தினால் அவற்றுக்குப் பின்னால் நாலாவதாக ஒன்றை ஒளித்துவைக்க முடியும் என்று தோன்றியது. ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

பிறகு தம்பியைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். வெளிநாட்டுக் கருவி மூலம் வதந்தி பரப்பினான் என்பது குற்றச்சாட்டு. விசாரணை ஒரு வெள்ளிக்கிழமைக்கு வைக்கப்பட்டது. செயலிக்குள்ளேயே பிடித்த படம் செயலியோடு போய்விட்டது. கடிதங்கள் வந்து சேரவே இல்லை என்றார் மேலதிகாரி. லவுட் ஸ்பீக்கர் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டான். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவையில் தடையைப் பற்றி விவாதம் நடந்தது. எதிர்வரிசையில் ஒரு பெண் உறுப்பினர், தொழிலால் மருத்துவர், என் மனதில் இருந்த கேள்வியையே எழுந்து கேட்டார். மூன்று செயலிகளில் ஒன்றை மட்டும் ஏன் மூடினீர்கள்? அமைச்சர் இருபது நிமிடம் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். அதில் கடைசிப் பத்து நிமிடம் என்னுடையது. என் முறை முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ஸ்கேல் சார் வந்து உட்கார்ந்தார். அவர் பென்சில் ஓடத் தொடங்கியது.

அமைச்சர் காகிதத்தை மடித்தார். ஒலிவாங்கியை அணைத்தார். காமிரா அடுத்துப் பேச இருந்தவர் பக்கம் திரும்பிவிட்டது. அமைச்சர் ஒரு கையால் தன் நாற்காலியின் பிடியைத் தொட்டபோது மருத்துவர் தன் இடத்தில் இருந்தபடியே கேட்டார்.

“தண்ணிக்காகத்தானே?”

அமைச்சர் பாதி குனிந்தவர் மறுபடியும் நிமிர்ந்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

“கண்டவனெல்லாம் தொட்டியப் படம் புடிச்சுப் போட்டா நாளைக்கு எவன் ஓட்டுப் போடுவான்? அதான் மூடினோம்.”

அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் பத்திரிகையாளர் மாடத்துக்கு எதுவும் கேட்டிருக்காது. அவர் உட்கார்ந்தார். நான் வட்டம் போட்டேன்.

அவர் சொன்னது என்ன என்று எனக்குப் புரிந்தது வட்டம் போட்ட பிறகுதான். எங்கள் வேலை அப்படி. கை முதலில் எழுதிவிடும், புத்தி மெதுவாக நடந்து வந்து சேரும். எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தேன். தம்பியின் முகம் ஞாபகம் வந்தது. அவனைக் கண்ணாடி பார்க்கச் சொன்னவள் நான்தான். நேராகத் தட்டச்சு அறைக்குப் போனேன்.

தட்டச்சு செய்த பிரதி வழக்கப்படி அமைச்சரின் அலுவலகத்துக்குப் போனது. பேச்சில் இருக்கும் கொச்சையைத் திருத்திக்கொள்ள உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. சொன்னதைச் சொல்லவில்லை என்று ஆக்க உரிமை இல்லை. புதன்கிழமை காலை பிரதி திரும்பி வந்தது. அந்த ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில், ‘உட்கார்ந்த பிறகு சொன்னது’ என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் பிரிவுத் தலைவி நல்லவர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. மேசை மேல் இரத்த அழுத்த மாத்திரை டப்பா எப்போதும் இருக்கும். என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும் என்றார். அலுவலக விதியை எனக்கே படித்துக் காட்டினார். சொன்னவர் மறுத்து, எழுதிய நோட்டு ஒன்றே ஒன்றாக இருந்தால், வரியை எடுத்துவிடப் பிரிவுத் தலைவருக்கு அதிகாரம் உண்டு.

“அவர் உக்காரல மேடம். நான் வட்டம் அப்புறம்தான் போட்டேன்.”

அவர் மாத்திரை டப்பாவை நகர்த்தி வைத்தார். “நான் நம்பறேம்மா. ஆனா உன் தம்பி கதை இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும். நீ கேட்டேன்னு சொன்னா, கேக்கணும்னு ஆசைப்பட்டதக் கேட்டேன்னு சொல்லுவாங்க.”

அந்தக் கேள்வியை நானே முந்தின நாளிலிருந்து எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். வாக்கியத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. வட்டத்தைப் பற்றித்தான். பாதி குனிந்து நிமிர்ந்த மனிதர். அந்தக் கணத்தில் அவர் உண்மையில் நின்றாரா, நிற்க வேண்டும் என்று நான் விரும்பினேனா? ஒருமுறை ஒரு முழு வாக்கியத்தையே விட்ட கை இது. அப்படிப்பட்ட கை ஒரு வட்டத்தைத் தள்ளிப் போட்டிருக்காது என்று எப்படிச் சொல்வது? என் நோட்டை நானே நம்பாமல் அரைமணி நேரம் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பென்சில் சத்தம் நினைவுக்கு வந்தது.

ஆறு வருடமாக நான் அவமானம் என்று நினைத்திருந்த சத்தம். என் கடைசி நிமிடம், இன்னொரு நோட்டில், என்னை நம்பாத ஒரு மனிதரின் கையால், நாள் தவறாமல் பதிவாகிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தால் அவர் என் நாலு வார்த்தைக்காகச் சும்மா காத்திருந்திருப்பார். இரண்டாவது நோட்டு என்று ஒன்று இருந்தே இருக்காது.

ஒரு மணிக்கு அவர் வழக்கம்போல ஜன்னலோர மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவரும் உதவி செய்யவில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியைச் சரியாகப் பொருத்தி மூடினார். மேசையைத் துடைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஓட்டுநர்கள் ஒரு காரைத் தள்ளிக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனது.

“நேத்து என் கடைசி நிமிஷம் உங்க நோட்டுல இருக்கா சார்?” என்று கடைசியில் கேட்டேன்.

“அடிச்சுட்டேன்.”

“ஸ்கேல் வெச்சுத்தானே? ஒத்தக் கோட்டுக்கு அடியில எழுத்துத் தெரியுமே.”

அவர் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அந்தச் செயலியை மூடியது சரிதான் என்பது தன் கருத்து என்றார். ஊரான் கம்பெனிக்கு நம் வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி அது என்றும், தன் மருமகள் பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு அதில் ஆடிக்கொண்டிருந்தாள் என்றும், தடை வந்த அன்று தான் நிம்மதியாகத் தூங்கியதாகவும் சொன்னார். என் தம்பி மேல் தனக்கு எந்த இரக்கமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். “வாங்க,” என்றார்.

மேடம் எங்கள் இருவரையும் சேர்ந்து பார்த்ததில் முதலில் பயந்துதான் போனார். சண்டையைத் தீர்த்துவைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். ஸ்கேல் சார் நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். மேடம் அதை ஒரு தடவை புரட்டினார். பிறகு முறைப்படி செய்யலாம் என்று சொல்லி என்னை வெளியே போகச் சொன்னார். ஒருவர் படிப்பது மற்றவர் காதில் விழக்கூடாது. ஆனால் அந்த அறையின் கதவு முழுதாகச் சாத்தாது, மேடத்துக்கும் அது தெரியும்.

தாழ்வாரத்தில் சுவரோடு ஒட்டி நின்றேன். சுருக்கெழுத்தைப் படிப்பவர்கள் குறிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஸ்கேல் சாரின் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. அமைச்சரின் கடைசிப் பத்தி. நாட்டின் எதிர்காலம். பிள்ளைகள். நன்றி. குறுக்கீடு. இங்கே வட்டம் என்று அவர் சொன்னால் எல்லாம் முடிந்தது. அவரைக் குறை சொல்லக்கூட முடியாது. அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது ஆறு வருடத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்த விஷயம்.

அவர் நிறுத்தவில்லை. கண்டவனெல்லாம் என்று தொடங்கி அதே தட்டையான குரலில் போனார். “நாளைக்கு எவன் ஓட்டுப் போடுவான். அதான் மூடினோம்.” ஒரு பக்கத்தைத் திருப்பும் சத்தம். “வட்டம்.”

சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். முதலில் வந்தது தம்பியின் நினைப்புகூட இல்லை. என் கை சரியாகத்தான் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். ஆறு வருடமாக ஒரு கல்லைச் சுமந்துகொண்டு நடந்தவளுக்கு அதைக் கீழே வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். இரண்டு நோட்டிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு விதி தெரியும். இரண்டு நோட்டு ஒத்துப்போனால் பிரிவுத் தலைவர் அந்த வரியில் கை வைக்க முடியாது. அவைத்தலைவரே அவையில் எழுந்து, எந்த வரியை எடுக்கிறோம், ஏன் எடுக்கிறோம் என்று எல்லோர் முன்னிலையிலும் படித்துவிட்டு எடுக்க வேண்டும்.

“உங்களுக்கு இதுல என்ன சார்?” என்று மேடம் அவரைக் கேட்டார். “நீங்க அந்தத் தடைக்கு ஆதரவாச்சே.”

“ஆதரவுதான். காரணத்த ஒழுங்காச் சொல்லிட்டு மூடட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். “இவங்க விட்டத அன்னைக்குச் சொன்னேன். விடாதத இன்னைக்குச் சொல்றேன்.”

மேடம் தொலைபேசியை எடுத்து அமைச்சரின் அலுவலகத்தைக் கூப்பிட்டார். விதியைச் சொன்னார். வரியை எடுக்க வேண்டுமானால் நாளைக் காலை அவைத்தலைவர் அதை அவையில் படித்துக் காட்டுவார் என்றார். படித்துக் காட்டுவார் என்ற சொல்லுக்குப் பிறகு மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமே இல்லை. எத்தனையோ மௌனங்களை நான் கேட்டிருக்கிறேன். அவ்வளவு இனிமையான ஒன்றைக் கேட்டதில்லை. பிறகு யாரோ, இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மூன்றே முக்காலுக்குப் பக்கம் அச்சுக்குப் போனது. மேடம் அன்று மாத்திரையைப் போட மறந்துவிட்டதாக மறுநாள் பெருமையாகச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை மருத்துவர் எழுந்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி என்று சொல்லிப் படித்தார். பின்வரிசையில் யாரும் மேசையைத் தட்டவில்லை. அது என்னுடைய முறை. செங்குத்துக் கோடு போட்டு, என் வரியையே மறுபடியும் எழுதினேன். மேசைக்கடியில் அமைச்சர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்குத் தம்பி அந்த ஒற்றைப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போனான். நான் கொடுக்கவில்லை. விலைக்குக் கிடைக்கிற அச்சுப் பிரதி, அவனே போய் வாங்கினான். விசாரணை அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, கடிதங்களை இன்னொரு முறை தேடிப் பார்க்கும்படி மேலதிகாரியிடம் சொன்னாராம். மூன்றும் அன்று மாலையே கிடைத்தன. திங்கட்கிழமை குளோரின் இயந்திரம் ஓடியது. அதை ஓட்டியது அவன்தான்.

தடையை எதிர்த்துச் சிலர் ஏற்கெனவே தொடுத்திருந்த வழக்கில் நீதிபதி அதே பக்கத்தை அரசு வழக்கறிஞரையே படிக்கச் சொன்னார். மூன்றாவது வாரம் தடை ரத்தானது. தகவல் திருட்டுக்குச் சட்டம் கொண்டுவருவதானால் எல்லாச் செயலிக்கும் ஒன்றாகக் கொண்டுவாருங்கள் என்றது தீர்ப்பு. ஸ்கேல் சார் அதை நாளிதழிலிருந்து வெட்டித் தன் மேசையில் ஒட்டிவைத்திருக்கிறார், ஸ்கேல் வைத்து வெட்டியது. அரசு வழக்கறிஞர் அந்தப் பக்கத்தைப் படிப்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதாக யாரோ சொன்னார்கள்.

“குடிக்கட்டும்,” என்றான் லவுட் ஸ்பீக்கர். “இப்ப தைரியமாக் குடிக்கலாம்.”

அடுத்த கூட்டத்தொடரின் முதல் நாள் என் முறை முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ஸ்கேல் சார் வந்து உட்கார்ந்தார். பத்தாவது நிமிடத்தில் நான் குனிந்து கடைசி நாலு வார்த்தையை அவர் காதில் போட்டேன். அவர் தலையாட்டினார். அவர் பென்சில் ஏற்கெனவே அந்த நாலு வார்த்தையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று எழுந்து வந்தேன்.